மல்லாக்கப் படுக்கவைத்து எடுத்த அளவு

எக்கோ அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மார்பில் புரோபை எப்படிப் பிடிப்பது, எந்தக் கோணத்தில் இருதயத்தின் எந்த வால்வு தெரியும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். என் காலத்தில் பீரோ அளவுக்கு இருந்த இயந்திரம் இப்போது உங்கள் கைப்பைக்குள் போய்விட்டது. அதனால் அந்தப் பாடத்தை விட்டுவிடுகிறேன். ஓய்வு பெற்றவனிடம் எழுதச் சொன்னால் தன் வெற்றிகளை எழுதுவான் என்று நினைப்பீர்கள். அவை வேண்டுமென்றால் என் மனைவியிடம் கேளுங்கள், அவளுக்கு எல்லாம் மனப்பாடம். நான் சொல்லப்போவது அன்னூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியைப் பற்றி. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் காது சூடாகிவிடும். எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சென்னையில் மேல்படிப்பை முடித்துவிட்டுக் கோயம்புத்தூருக்குத் திரும்பியிருந்தேன். நான் சேர்ந்த ஆஸ்பத்திரி அப்போதுதான் கலர் டாப்ளர் இயந்திரம் வாங்கியிருந்தது. இருதயத்துக்குள் ரத்தம் ஓடுவதைச் சிவப்பும் நீலமுமாகத் திரையில் காட்டும். ஊரில் அதைப் பற்றி ஒரே பேச்சு. "கலர் டிவியில இருதயத்தைக் காட்டறாங்களாமா" என்று கேட்டுக்கொண்டு நோயில்லாதவர்களும் வந்தார்கள். காலையில் கதவைத் திறந்தால் வராண்டா முழுக்க ஆட்கள். அத்தனை பேரையும் பார்த்து முடிப்பதுதான் என் சாமர்த்தியம் என்று நான் நம்பினேன். மற்ற டாக்டர்கள் மார்பில் ஸ்டெத்தை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பதைப் பார்த்தால் எனக்குள்ளே சிரிப்பு வரும். நான்தான் உள்ளேயே பார்க்கிறேனே, காதால் கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற திமிர். போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்த பையனுக்குத் திடீரென்று இவ்வளவு மரியாதை கிடைத்தால் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். என் தலை நன்றாகவே கனத்திருந்தது.

அந்தப் பெண்ணுக்குச் சாந்தாமணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். முதல் பிரசவம், ஆறு மாதம் முடிந்து ஏழாவது நடந்துகொண்டிருந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றாள். சத்தி ரோட்டில் நர்சிங் ஹோம் வைத்திருந்த மகப்பேறு டாக்டர் ஒருத்தி அவளை எனக்கு அனுப்பியிருந்தாள். அந்த டாக்டர் மருத்துவக் கல்லூரியில் என் வகுப்புத் தோழி. ஸ்டெத்தில் ஏதோ வேண்டாத சத்தம் கேட்கிறது, பார்த்துச் சொல் என்று போனிலும் சொல்லியிருந்தாள். சாந்தாமணியோடு அவள் மாமியாரும் கணவனும் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. கணவன் பக்கத்து மில்லிலும் வேலை பார்த்தான். மாமியார் அந்த வீட்டில் ஒரு பிள்ளை வந்து வெகு காலமாகிறது என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

இங்கே உங்களுக்குத் தெரிந்த ஒன்றை நினைவுபடுத்திவிடுகிறேன். வயிற்றில் பிள்ளை வளர வளரத் தாயின் ரத்தத்தின் அளவு கூடுகிறது, இருதயம் அதிகம் உழைக்கிறது. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்த சிலருக்கு இடப்பக்க வால்வு சுருங்கிப்போயிருக்கும். அதுவரை எந்தத் தொந்தரவும் தராத அந்தச் சுருக்கம், கர்ப்பக் காலத்தில்தான் தன் முகத்தைக் காட்டும். சுருங்கிய வாய் வழியே அதிக ரத்தம் போக முடியாமல் பின்னால் நுரையீரலில் தேங்கும், மூச்சு வாங்கும். சாதாரண கர்ப்பிணிக்கும் மூச்சு வாங்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் நம்மிடம் அனுப்புகிறார்கள்.

கட்டிலில் படுக்கவைத்து, மார்பில் ஈசிஜி வயர்களை ஒட்டி, ஜெல் தடவியாயிற்று. எக்கோவுக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், அப்போதுதான் இருதயம் முன்னால் வந்து படம் தெளிவாக விழும். "இடது பக்கம் திரும்பிப் படுங்கம்மா" என்றேன். அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஆரம்பித்தாள்.

"எதுக்கு எந்திரிக்கிறீங்க? திரும்பத்தானே சொன்னேன்?"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமியார் பதில் சொன்னார். "மாசமா இருக்கறவ படுத்த வாக்குல பொரளக் கூடாதுங்க. எந்திரிச்சு உக்காந்து, அப்பறந்தான் அந்தப் பக்கம் படுக்கோணும். பொரண்டாப் புள்ள கழுத்துல கொடி சுத்திக்கும்ங்க."

அவள் எழுந்து உட்கார்ந்ததில் வயர்கள் பிடுங்கிக்கொண்டன. ஜெல் சேலையில் வழிந்தது. நர்ஸ் துடைத்து மறுபடி ஒட்டினார். இதற்குள் அவள் மெதுவாகப் படுத்துவிட்டாள், ஆனால் வலது பக்கம், சுவரைப் பார்த்து. "அந்தப் பக்கம் இல்லைம்மா" என்றேன். அவள் மறுபடி எழுந்து உட்கார்ந்தாள். வயர்கள் மறுபடி போயின. கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள், யாரோ எத்தனை நேரம் ஆகுமென்று கேட்டார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"இனி எந்திரிக்க வேண்டாம். அப்படியே மல்லாக்கப் படுங்க. நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது."

"சேரிங்க" என்று சொல்லி அவள் மல்லாந்து படுத்தாள்.

என் தொழிலில் நான் செய்த பெரிய தவறு இவ்வளவுதான். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். ஏழாம் மாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை முதுகுத்தண்டோடு ஓடும் பெரிய சிரையை அழுத்தும். கால்களிலிருந்து இருதயத்துக்குத் திரும்பி வர வேண்டிய ரத்தம் குறைந்துபோகும். மடை பாதி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியவன், மேலே வாய்க்காலில் தண்ணீரைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் எப்படித் தெரியும்? வால்வு வழியே போகும் ரத்தமே குறைவாக இருந்ததால், வால்வின் இரு பக்கமும் இருக்கும் அழுத்த வித்தியாசமும் குறைவாகவே தெரிந்தது. மல்லாந்து படுத்ததால் படமும் மங்கல். வால்வின் வாயைச் சுற்றி வரைந்து அளந்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அதற்குத் தெளிவான படம் வேண்டும், அதற்கு அவளை இடது பக்கம் திருப்ப வேண்டும், அதற்கு அவள் எழுந்து உட்கார வேண்டும். டாப்ளரில் கிடைத்த எண் சின்னதாக, அழகாக இருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்த அறிவு எங்கே போயிற்று என்று கேட்டால், வராண்டாவுக்குப் போயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் பார்த்தேன். ஏசி அறையில் அவள் நெற்றி வியர்த்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. இரண்டு தடவை கொட்டாவி விட்டாள். பயந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டு கையை வேகப்படுத்தினேன். பிறகு ஒருநாள் அவளிடமே கேட்டேன், அப்போது எப்படியிருந்தது என்று. "கண்ணைக் கட்டிக்கிட்டு வந்துச்சுங்க. மயக்கமே வந்துரும்போல இருந்துச்சு" என்றாள். அப்படியென்றால் சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க அசையக் கூடாதுன்னீங்களேங்க" என்றாள். நம் ஊர்ப் பக்கத்து ஆட்களின் மரியாதையை நீங்கள் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். மூச்சு நிற்கிற நேரத்திலும் டாக்டருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று படுத்திருப்பார்கள்.

லேசான சுருக்கம் என்று எழுதினேன். "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும். பயப்பட ஒண்ணும் இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். மாமியார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே போகும்போது மருமகளிடம், "பாத்தியா கண்ணு, நான் சொன்னனல்லோ, ஒன்னுமில்லீன்னு" என்று அவர் சொல்வது கேட்டது.

சில வாரங்கள் கழித்து ஒரு முற்பகலில் என் தோழி அவளைத் தன் காரிலேயே கொண்டுவந்தாள். ஆம்புலன்சுக்குக் காத்திருக்க நேரமில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருந்தது. சாந்தாமணியால் படுக்க முடியவில்லை, பேச முடியவில்லை. இருமினால் ரோஸ் நிறத்தில் நுரை வந்தது. ஆக்சிஜனும் ஊசியும் போட்டுக் கொஞ்சம் மூச்சு கிடைத்த பிறகு, அதே அறையில், அதே கட்டிலில், முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்காரவைத்து இடது பக்கமாகச் சாய்த்தோம். புரோபை வைத்தேன். வைத்த உடனே தெரிந்துவிட்டது. வால்வின் வாய் ஒரு கீறல்போல இருந்தது. டாப்ளர் எண்ணைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

என் தோழி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நர்சுகள், ஜூனியர் டாக்டர் எல்லாரும் இருந்தார்கள்.

"போன தடவை எப்படிப் படுக்கவெச்சுப் பார்த்தே?" என்றாள்.

"மல்லாக்க" என்றேன்.

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அறையில் இருந்த அத்தனை பேரும் வேறெங்கோ பார்த்தார்கள். என் பெயரைச் சொல்லிப் புது ஆட்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில், என் முன்னால் யாரும் என் முகத்தைப் பார்க்காமல் நின்ற முதல் நாள் அது.

மருந்துகளால் அவள் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. தாயின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து கிடந்த அந்த நேரத்தில் வயிற்றுக்குள் அதன் துடிப்பு நின்றுபோயிற்று. ஆண் குழந்தை. பிரசவம் பார்த்தபோது கழுத்தில் கொடி ஒரு சுற்று இருந்தது. நல்லபடியாகப் பிறந்து வீல் வீலென்று அழுகிற எத்தனையோ குழந்தைகளுக்கு அப்படி ஒரு சுற்று இருக்கும். அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் குழந்தையைத் துணியில் சுற்றும்போது மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

வராண்டாவில் என்னை நிறுத்தினார். பக்கத்தில் மகன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"ஏனுங்க டாக்டர், கொடி சுத்திப்போச்சுங்களே. மூச்சு முட்டுதுன்னு அவ ராத்திரியெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொரண்டு பொரண்டு படுத்தாளாமா. இவன்தான் இப்பச் சொல்றான். அதுனாலதானுங்களா?"

அவள் புரண்டதற்குக் காரணம் மூச்சு முட்டியது. மூச்சு முட்டியதற்குக் காரணம் நான் கண்டுபிடிக்காமல் விட்ட வால்வு. இதை நான் அந்த நிமிடமே முழுசாகப் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டு என்ன சொன்னேன் தெரியுமா?

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்ங்க."

இந்த வாக்கியத்தை நான் யோசித்துத் தயாரிக்கவில்லை. தானாக வந்தது. யாரோ நாற்காலியை நகர்த்திக் கொடுத்தால் உட்கார்ந்துவிடுவதுபோல உட்கார்ந்துவிட்டேன். மாமியார் தலையை ஆட்டினார். "சேரிங்க. உங்களையும் நொம்பத் தொந்தரவு பண்ணிப்போட்டோம்" என்றார். என்னைத் தொந்தரவு பண்ணிவிட்டார்களாம்! அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு அப்போது வெட்கமாக இல்லை, அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது. ஒரு கண்டத்திலிருந்து தப்பித்த மாதிரி ஆசுவாசமாக இருந்தது. காபி வரவழைத்துக் குடித்தேன்.

அளவில் தவறு வரும். உங்களுக்கும் வரும், வராது என்று சொல்கிறவரிடம் வேலை கற்காதீர்கள். அவசரத்தில் வரும், களைப்பில் வரும், என்னைப்போலத் திமிரிலும் வரும். தவறு தெரியவந்த பிறகு உங்கள் வாயில் வரும் முதல் வாக்கியத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர், கூடவே நின்று, பழியை வேறெங்காவது வைத்துக்கொள்ள உங்களுக்கு இடம் செய்துகொடுப்பார். நோயாளியின் வீட்டாரே செய்துகொடுப்பார்கள். அவர்களுக்கு உங்கள் மேல் அவ்வளவு மரியாதை. அந்த இடத்தில் உட்காராதீர்கள்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். தோழி போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே, "அந்த வீட்டுக்காரங்ககிட்ட நீ என்ன சொன்னே?" என்றாள்.

"எந்த வீடு?" என்றேன். எனக்குத் தெரிந்தே கேட்டேன்.

"நடிக்காதே. அந்தப் பொண்ணு செக்கப்புக்கு வந்திருந்தா. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. ரொம்பக் கேட்டப்புறம், நான் பொரண்டதாலதானுங்களா கொழந்தை போச்சுன்னு கேட்கறா. இல்லவே இல்லைன்னேன். மாமியார் வெளிய இருந்து வந்து, இருதய டாக்டரே சொல்லிப்போட்டாருங்க, நீங்க எங்களத் தேத்தறதுக்காகச் சொல்றீங்கன்னு என்கிட்டயே சொல்றாங்க. வர்ற வெள்ளிக்கிழமை அவளைச் சென்னிமலைக்கு அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பப்போறாங்களாம். அனுப்பினா திருப்பிக் கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தோணலை. அவளுக்கு வால்வை பலூன் வெச்சு விரிச்சாகணும், அதை யார் செய்வா? அங்க அவ அம்மாவும் தம்பியும் தறி ஓட்டிப் பொழைக்கறாங்க. இவங்க கைவிட்டுட்டா அவ அப்படியேதான் கிடப்பா. நான் சொன்னா அவங்க கேட்கலை. நீ சொன்னதுதான் அங்க வேதம். போய்ச் சொல்லு."

"அவங்களை வரச் சொல்லேன், நான் இங்கயே..."

"நீ போ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியத்துக்கு மேல் காரை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டே போனேன். அன்னூரைத் தாண்டி ஒரு வாழைத்தோட்டத்தை ஒட்டி அவர்கள் வீடு. என்னைப் பார்த்ததும் மாமியார் பதறிப்போய், "டாக்டரே ஊட்டுக்கு வந்திருக்கறாரு" என்று மகனைக் கூப்பிட்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். வேண்டாமென்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. சாந்தாமணி உள்ளறை வாசலில், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவளை யாரும் பார்ப்பதே இல்லை என்பது போன கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. சொம்பு வேண்டுமென்றால்கூட மாமியார் அவளைத் தாண்டிப் போய்த் தானே எடுத்துவந்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். கர்ப்பக் காலத்தில் ரத்த ஓட்டத்தின் அளவு மாறுகிறது என்றேன். படுக்கும் நிலையைப் பொறுத்து அளவுகளில் வேறுபாடு ஏற்பட வாய்ப்பு உண்டு என்றேன். முதல் பரிசோதனையில் சுருக்கத்தின் தீவிரம் முழுமையாகப் பதிவாகவில்லை என்றேன். குழந்தையின் இழப்புக்கு இதயக் காரணிகளே முதன்மையானவை என்றேன். ரேடியோவில் மருத்துவப் பேச்சு பேசுகிறவன்போல ஏற்ற இறக்கத்தோடு பேசி முடித்து, இளநீரை ஒரு மிடறு குடித்தேன். மனசாட்சிக்குச் சொல்லியாகிவிட்டது என்று ஒரு திருப்திகூட வந்தது.

மாமியார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மகனைப் பார்த்துச் சொன்னார்: "டாக்டரு எத்தன வெவரமாச் சொல்றாரு பாரு. படுக்கற வாக்குலதான் எல்லாம் இருக்குதுங்கறாரு. அதத்தானே நானும் மாசமான நாள்லயிருந்து சொல்லீட்டு இருந்தேன்."

நான் அப்போதாவது வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். நான் சொல்லிவிட்டேன், அவர்களுக்குப் புரியாவிட்டால் நான் என்ன செய்ய?

கதவோரத்திலிருந்து சாந்தாமணி பேசினாள். ஒரு மாதத்தில் அந்த அறையில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை என்பதுபோல அவள் கணவன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க சொன்னது யாருக்கும் புரியலீங்க. எனக்கும் புரியலீங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லுங்க. நான் பொரண்டதாலயா? இல்லீங்களா?"

"இல்லைம்மா" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லாதீங்க. எங்கத்தைகிட்டச் சொல்லுங்க."

நான் மாமியாரைப் பார்த்தேன். சென்னையில் படித்த தமிழ் அதற்குமேல் வரவில்லை. எங்கள் வீட்டில் பேசுகிற பேச்சுதான் வந்தது. "அவங்க பொரண்டதால ஒன்னும் ஆகலீங்க. கொடி ஒரு சுத்து இருக்கறது நல்லாப் பொறக்கற கொழந்தைகளுக்கும் இருக்கும்ங்க. அவங்க இருதயத்துல வால்வு நொம்பச் சுருங்கிக் கெடந்துச்சு. மொதத் தடவ நீங்க கூட்டிட்டு வந்தப்பவே அத நான் கண்டுபுடிச்சிருக்கோணும். எடது பக்கமாப் படுக்கவெச்சுப் பாக்கோணும். அவங்க எந்திரிச்சு உக்காந்து திரும்பற வரைக்கும் இருக்கறதுக்கு எனக்குப் பொறுமை இல்லீங்க. மல்லாக்கப் போட்டே பாத்துத் தப்பா அளந்துபோட்டேன். அன்னிக்கே மருந்து குடுத்திருந்தா இவங்களுக்கு மூச்சு முட்டியிருக்காது. கொழந்தையும் பொழச்சிருக்கலாம். தப்பு என்னுதுங்க."

கணவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் என்னை அடித்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. அவன் திரும்பி வரவே இல்லை.

மாமியார் கேட்டார்: "அப்ப ஆஸ்பத்திரில நான் கேட்டப்போ, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னீங்களே. அது பொய்யுங்களா?"

"பொய்தானுங்க."

"அளக்கறதுல தப்பு வர்றது மனுசனுக்கு வரும்ங்க. அத நான் கேக்கலீங்க." அவர் குரல் உயரவில்லை. "இந்தப் புள்ளைய இந்த ஒரு மாசமா நான் பேசாத பேச்செல்லாம் பேசிப்போட்டேனுங்க. சோத்துத் தட்ட முன்னால வெச்சுட்டுப் பேசினேன். எம் பேரனத் தின்னுட்டியேடின்னு கேட்டேன். அவ ஒரு வார்த்த எதுத்துப் பேசலீங்க. அத்தனையும் உங்க பேச்ச நம்பித்தானுங்களே பேசினேன். அதையெல்லாம் நான் இப்ப எப்படிங்க திருப்பி எடுக்கறது?"

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. எழுந்து போய் மருமகளின் கையைப் பிடித்தார். அவள் அழவில்லை, அவர்தான் அழுதார். அவளை உள்ளே கூட்டிப்போய், "உக்காரு கண்ணு, எத்தன நேரமா நிக்கற" என்று சொல்வது கேட்டது. நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மிச்சமிருந்த இளநீரை என்ன செய்வது என்று தெரியாமல் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

காரைத் திறக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"சித்தெ இருங்க."

சாந்தாமணி வாசல்வரை வந்திருந்தாள். அவ்வளவு தூரம் நடந்ததற்கே மூச்சு வாங்கியது. என் கண் அவள் கழுத்து நரம்புகளைப் பார்த்தது, கால் வீக்கத்தைப் பார்த்தது. பழக்கம் போகுமா? அவள் மூச்சு அடங்கும்வரை நின்றாள். நானும் நின்றேன்.

"எனக்கு வால்வ விரிச்சு உடோணும்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. வெள்ளிக்கிழம போக வேண்டாம்னு எங்கத்தை இப்பச் சொல்லீட்டாங்க. வைத்தியத்தப் பாத்துரலாம்ங்கறாங்க. அதுக்கு மறுபடியும் அளவெல்லாம் பாக்கோணுமாமா?"

"ஆமாம்மா, பார்க்கணும்" என்றேன். என் குரல் கொஞ்சம் எழுந்தது. ஏதோ ஒரு வழி திறக்கிற மாதிரி இருந்தது. "எப்ப வேணும்னாலும் வாங்க. நாளைக்கே வாங்க. எத்தனை நேரமானாலும் நானே உக்காந்து..."

"இல்லீங்க." அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல டாக்டரா ஒருத்தரச் சொல்லுங்க. கோவிச்சுக்காதீங்க."

ஊரில் இன்னொரு ஆஸ்பத்திரியில் எனக்கு மூத்த ஒருவர் இருந்தார். ஒரு ஆளைப் பார்க்கவே அரை நாள் எடுத்துக்கொள்கிறார் என்று நாங்கள் இளையவர்கள் கேன்டீனில் உட்கார்ந்து கேலி செய்வோம். அவர் பெயரைச் சொன்னேன். மறந்துவிடாமல் இருக்க அவள் அதை என் முன்னாலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.